சின்ன ஆச்சரியத்தை எதில் சேர்த்து வைப்பது: நோட்டா, போனா, படமா, நினைவா?

கவிதை எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதைப் பத்தி எழுதுறது?" என்றுதான். காதல், அம்மா, மழை, சொந்த ஊர் என்று நாலைந்து தலைப்பில் எழுதி முடித்ததும் கை நின்றுபோகிறது. அவர்களிடம், தலைப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, இன்று பார்த்ததில் எது கொஞ்சம் எதிர்பாராததாக இருந்தது என்று யோசிக்கச் சொல்வேன். பெரிதாக எதுவும் வேண்டாம். டவுன் பஸ்ஸில் இறங்கப்போகிற பெரியவர் ஒருவர், சாரலில் நனைந்த ஜன்னலோர சீட்டைத் தன் துண்டால் துடைத்துவிட்டு இறங்குகிறார். அவர் இனி அதில் உட்காரப் போவதில்லை. விஷயம் அவ்வளவுதான். இப்படி ஒன்றாவது தினமும் எல்லோர் கண்ணிலும் படுகிறது, ராத்திரிக்குள் மறந்தும் போகிறது.

ஆகவே எழுத வருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரு நடைமுறை விஷயம்: கண்ணில் பட்டதை எதில் சேர்த்து வைப்பது? சட்டைப்பையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். போனில் தட்டச்சு செய்யலாம், பேசிப் பதியலாம், படம் எடுக்கலாம். எதுவும் வேண்டாம், மனசில் நிற்பது நிற்கட்டும் என்றும் விடலாம். எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். எதில் சேர்க்கிறோமோ அதுதான் பிறகு எழுதப்போகும் கவிதையின் தன்மையையே தீர்மானிக்கிறது என்று நான் நம்புவதால், கொஞ்சம் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். ஆச்சரியத்துக்கு இரண்டு பாதி உண்டு. நாம் எதிர்பார்த்தது ஒரு பாதி, நடந்தது இன்னொரு பாதி. இரண்டும் கையில் இருந்தால்தான் கவிதைக்கு ஆகும். குறுந்தொகையின் 41ஆம் பாட்டில், தலைவன் பிரிந்துபோன பிறகு தான் எப்படி இருக்கிறேன் என்று தலைவி தோழியிடம் சொல்கிறாள்: மக்கள் விட்டுப்போன ஊரில் தனித்துக் கிடக்கும் வீட்டைப் போல. அந்த வீட்டில் ஆள் இல்லை என்பதைப் புலவர் எப்படிக் காட்டுகிறார்? முன்றிலில் அணில் ஆடுகிறது. வாசலில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அணில் பயமில்லாமல் ஓடுகிறது. எதிர்பார்ப்பும் நடப்பும் 'அணிலாடு முன்றில்' என்ற இரண்டே சொல்லில் வந்துவிட்டன. எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தொடரையே பெயராக்கி அவரை அணிலாடு முன்றிலார் என்கிறோம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். பாறையில் மோதி இல்லாமல் போகும் நுரையைப் பாடியவர் கல்பொரு சிறுநுரையார் ஆனார். ஊர் தெரியாது, தொழில் தெரியாது, அவர்கள் பார்த்த ஒரு பொருள் மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, அளவுகோல் இதுதான். முதலில், இரண்டு பாதியும் பதிவில் இருக்கிறதா? அடுத்து, நாம் அவசரப்பட்டு ஏற்றிவிடும் அர்த்தம் கலக்காமல் இருக்கிறதா? மூன்றாவதாக, நடக்கும் இடத்திலேயே செய்ய முடிகிறதா?

ஒரே நிகழ்ச்சியை எல்லா வழியிலும் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி ஒன்று நிற்கும். இன்னும் கரிப்பெட்டிதான். துணி வாங்கப் போனபோது அவர் வேறு யாருடைய சட்டையையோ பலகையில் விரித்துக்கொண்டிருந்தார். பையைத் தடவிப் பார்த்தார், உள்ளே காகிதம். எடுத்துப் பிரித்தார். நாலாக மடித்துக் கசங்கிய மளிகைச் சீட்டு, பேனாவால் எழுதியது. ஓரமாகப் போடுவார் என்று நினைத்தேன். அதைப் பலகையில் வைத்து, மேலே ஒரு துண்டுத் துணியைப் போட்டு, பெட்டியை ஒரு தரம் மெதுவாக ஓட்டினார். பிறகு சட்டையைத் தேய்த்து மடித்து, சீட்டை அதன்மேல் வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. (கடை மெஷினில் வரும் வழவழப்பான பில்லாக இருந்தால் முழுக்கக் கறுத்திருக்கும். அந்தக் காகிதத்தின் பூச்சே சூடு பட்டால் கறுக்கும்படி செய்தது. யாராவது அப்படிக் கறுத்த பில்லைப் பார்த்தால் அதுவும் எழுத வேண்டிய விஷயம்தான்.)

சட்டைப்பை நோட்டு

நோட்டில் இது இப்படித்தான் ஏறும்: "இஸ்திரிக்காரர். சட்டைப்பையில் மளிகைச் சீட்டு. போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அதையும் தேய்த்தார். கால் கிலோ வெல்லம்." கடைசியில் இருப்பது சீட்டில் என் கண்ணில் பட்ட ஒரு வரி.

இந்தச் சில சொற்களில் மிக முக்கியமானது "போட்டுவிடுவார் என்று நினைத்தேன்" என்பது. நடந்ததை மனசு பத்திரமாக வைத்துக்கொள்ளும். நாம் என்ன எதிர்பார்த்தோம் என்பதை அரைமணி நேரத்தில் அழித்துவிடும். அழிந்த பிறகு, இஸ்திரிக்காரர் காகிதத்தைத் தேய்த்தது ஏன் நம்மை நிறுத்தியது என்றே புரியாது. நோட்டின் பலம் இங்கேதான். கை மெதுவாகத்தான் எழுதும், பக்கம் சின்னது, நின்றுகொண்டு எழுதுகிறோம். அதனால் வர்ணனைக்கு நேரமில்லை. எதிர்பார்த்தது, நடந்தது, கண்ணில் பட்ட ஒரு பொருள். இந்த மூன்றும் ஏறினால் போதும்.

என்ன நோட்டு என்று கேட்பார்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மிகச் சின்ன, மலிவான பாக்கெட் நோட்டே நல்லது. தோல் அட்டை போட்ட அழகான நோட்டு வாங்கினால், அதில் எழுதத் தகுதியான வரிக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவோம். ஜெல் பேனா வியர்வையிலும் மழையிலும் ஊறும், பென்சில் ஊறாது. நோட்டு இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்பக்கம் போதும், கல்யாணப் பத்திரிகையின் உறை போதும். அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன், பிரித்த உறைகளின் உள்பக்கத்தில் எழுதிய கவிதைகள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் டாக்டராக இருந்த கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், நோயாளிகளைப் பார்ப்பதற்கு நடுவில் மருந்துச் சீட்டு எழுதும் தாளில் குறித்துக்கொள்வார். காகிதத்தின் அளவு கவிதையின் அளவைச் சுருக்கிக் கொடுத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறைகளும் உண்டு. கூட்டமான பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும்போது நோட்டு உதவாது. பை வைக்காத உடை போடுகிற பெண்களுக்கு அது கைப்பைக்குள் ஆழத்தில் போய்விடும். இதைவிடப் பெரிய சிக்கல், எதிரே இருப்பவர். அவரைப் பார்த்துக்கொண்டே நாம் எழுதினால் அவருக்குச் சங்கடம், சில இடங்களில் சந்தேகமும் வரும். நாலு எட்டு தள்ளிப் போய், தெரு திரும்பி எழுதினால் போதும். அதற்குள் ஒன்றும் மறந்துவிடாது. வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால்தான் போய்விடும்.

போன்: தட்டச்சும் குரலும்

போன் எப்போதும் கையில் இருக்கிறது என்பது சாதாரண வசதி இல்லை. தேதி, நேரம் தானே விழும். ஆறு மாதம் கழித்து 'வெல்லம்' என்று தேடினால் கிடைக்கும். பஸ் ஸ்டாப்பில் போனைத் தட்டிக்கொண்டிருக்கிற ஆளை யாரும் ஒரு தரத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். நோட்டால் கூச்சப்படுகிறவர்களுக்கு இதுவே பெரிய விடுதலை.

தட்டச்சில் என்னை உறுத்துவது இரண்டு. ஒன்று, குறிப்பு எழுதத் திறக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் வந்திருக்கிற மூன்று செய்திகள் கண்ணில் பட்டுவிடும். ஆச்சரியம் மிக மெல்லிய விஷயம், அடுத்த செய்தி வந்தால் கலைந்துவிடும். இன்னொன்று, சொல் பரிந்துரை. 'கண்' என்று அடித்தால் 'கண்ணீர்' என்று ஒன்றைக் கீபோர்டு நீட்டும். அடிக்கடி பலரும் எழுதுகிற சொல்தான் அங்கே முதலில் வரும். அவசரத்தில் அதைத் தொட்டுவிடுவோம். நீங்கள் பார்த்தது உங்களுடையது, பதிவானது பத்துப்பேருடையது என்றாகிவிடும். போனில்தான் எழுதுவேன் என்றால் அமைப்புகளுக்குள் போய்ச் சொல் பரிந்துரையை நிறுத்திவிடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

குரல் பதிவு வேறு ரகம். இஸ்திரிக்காரரைப் பற்றிக் குரலில் பதிந்தால் பெரும்பாலும் இப்படி ஆரம்பிக்கும்: "இன்னைக்கு ஒரு விஷயம் பார்த்தேன், ரொம்ப நெகிழ்ச்சியா இருந்துச்சு, நம்ம தெருமுனையில இஸ்திரிக்காரர் இருக்காருல்ல..." பார்த்தது வருவதற்கு முன்பே நெகிழ்ச்சி வந்துவிட்டது. பேசும்போது நமக்கு எதிரே ஒரு ஆள் இருப்பதாகவே தோன்றும், அவருக்குப் புரியவைக்க வேண்டும், ஆமாம் சொல்லவைக்க வேண்டும். ஒருமுறை கதையாகச் சொல்லி முடித்துவிட்டால் எழுதுகிற ஆசையிலும் பாதி போய்விடுகிறது.

ஆனால் ஒரு இடத்தில் குரல் பதிவை எதுவும் வெல்ல முடியாது: ஆச்சரியம் ஒருவர் பேசிய பேச்சில் இருந்தால். நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர், "உள்ள ஒரு ஊரே காலியா கெடக்கு, ஏறுங்க" என்றார். இதை நோட்டில் எழுதும்போது கை தானாகவே 'உள்ளே நிறைய இடம் இருக்கிறது என்றார்' என்று எழுத்துத் தமிழாக்கிவிடும். கண்டக்டர் சொன்ன ஊர் காணாமல் போய்விடும். 'கெடக்கு'வும் போய்விடும். கவிதை இருந்ததே அந்த இரண்டில்தான். இறங்கியதும் அவர் சொன்ன மாதிரியே நாமும் ஒருமுறை சொல்லிப் பதிந்துகொண்டால் ராகம்கூடத் தங்கும். அடுத்தவர் பேசுவதை அவருக்குத் தெரியாமல் பதியக் கூடாது, அது வேறு விஷயம். நம் வாயால் திருப்பிச் சொல்வதே போதும். சொல்லும்போது அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டும்.

பைக்கிலும் ஆட்டோவிலும் நாள் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வண்டியை ஓரங்கட்டி, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒரு குரல் செய்தி அனுப்பிக்கொள்ளலாம்.

படம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்று நான் படம் எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? மடித்த சட்டை, மேலே ஒரு காகிதம். கசங்கியிருந்தது தெரியாது, போட்டுவிடுவார் என்று நான் நினைத்தது தெரியாது, பெட்டி மெதுவாக ஓடியதும் தெரியாது. படத்தில் பின்பாதி மட்டும்தான் விழும். போதாததற்கு, படம் எடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஒரு தொழிலாளியின் முகத்தைக் கேட்காமல் படமெடுப்பது மரியாதையும் இல்லை.

சுவரெழுத்து, கடைப்பலகை, கையெழுத்து, பெயர் தெரியாத ஒரு பூ என்றால் படம் எடுங்கள். ஆனால் கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நினைவே போதும் என்கிறவர்கள்

இந்தக் கட்சிக்கு மதிப்பு அதிகம். உண்மையாகவே நம்மை அசைத்தது மறக்காது, மறந்தது மறக்க வேண்டியதே என்பது இவர்கள் வாதம். சாட்சிக்கு ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தை அழைப்பார்கள். வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் 1802 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடக்கும்போது, கரை நெடுகப் பூத்துக்கிடந்த டாஃபடில் மலர்களைப் பார்த்தார்கள். வில்லியம் அதைக் கவிதையாக எழுதியது இரண்டு வருஷம் கழித்து, 1804இல். அச்சில் வந்தது 1807இல். இரண்டு வருஷம் மனசில் கிடந்து கனிந்த கவிதை என்பார்கள்.

அந்தக் கதையில் பாதியை விட்டுவிடுகிறார்கள். டோரதி தன் நாட்குறிப்பில் அந்த நாளை விரிவாக எழுதி வைத்திருந்தார். பாசி பிடித்த கற்களுக்கு நடுவில் மலர்கள் வளர்ந்திருந்தன, சில களைத்துப்போய்க் கல்லைத் தலையணையாக வைத்துத் தலைசாய்த்திருந்தன, மற்றவை காற்றில் ஆடிக்கொண்டிருந்தன என்று எழுதியிருக்கிறார். வில்லியத்தின் கவிதையில் ஆட்டம் இருக்கிறது, கல் இல்லை. கூட நடந்த தங்கையும் இல்லை, தனியாக அலைந்ததாகவே கவிதை தொடங்குகிறது. நினைவு எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. உணர்ச்சியைக் காப்பாற்றித் தரும், உருட்டி வழவழப்பாக்கியும் தரும். பூ ஒன்று களைத்துக் கல்லில் சாய்ந்திருக்கிறது என்பது அன்று அங்கே நின்று பார்த்தவருக்கு மட்டுமே கிடைக்கிற விஷயம். இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னால் நான் அந்தக் கல்லைத்தான் எடுப்பேன்.

ஆனாலும் நினைவுக்கு ஒரு வேலை உண்டு, அது இரண்டாம் கட்டத்தில். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் பாரிஸ் மெட்ரோ நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கியபோது, கூட்டத்தில் அடுத்தடுத்து அழகான முகங்களைப் பார்த்திருக்கிறார். முதலில் முப்பது வரி எழுதினார், கிழித்துப் போட்டார். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்தில் ஒன்று எழுதினார். ஒரு வருஷம் கழித்து இரண்டே வரி வந்தது. 1913இல் வெளியான அந்த இரண்டு வரியை உலகம் இன்னும் படிக்கிறது. இதை எப்படிச் செய்தார் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பார்த்ததை உடனே பதிவது, பிறகு அதைக் கிடக்கவிடுவது, இரண்டும் நடந்திருக்கிறது. அதனால் என் முறை: குறிப்பு அன்றே, கவிதை குறைந்தது ஒரு மாதம் கழித்து. நோட்டைத் திருப்பும்போது எந்த வரி மறுபடி நிறுத்துகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்வது. மற்றவை கிடக்கட்டும், அடிக்க வேண்டாம். அடுத்த வருஷம் வேறொன்று நிறுத்தும்.

வெளியே போவதா, இருந்த இடத்தில் இருப்பதா

எதில் பதிவது என்பதோடு சேர்ந்தே வருகிற கேள்வி இது. கவிதைக்காக ஊர் ஊராகப் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோவைச் சொல்வார்கள். 1689இல் ஜப்பானின் வடபகுதிக்கு மாதக்கணக்கில் நடந்தே போனவர் அவர். எதிர்ப்பக்கம் இன்னொரு ஹைக்கூக் கவிஞர், மசவோகா ஷிகி இருக்கிறார். 1867இல் பிறந்தவர். முதுகெலும்புக் காசநோயால் கடைசி வருஷங்களை டோக்கியோவில் ஒரு சின்ன வீட்டில், படுக்கையிலேயே கழித்து 1902இல் இறந்தார். படுத்தபடி தெரிகிற தோட்டம், அதில் பூத்த கோழிக்கொண்டைப் பூ, கொடியில் தொங்கிய காய், இதுதான் அவருக்குக் கிடைத்த உலகம். ஓவியர் கண்ணெதிரே இருப்பதை வரைகிற மாதிரி, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்ற அவர் கொள்கையே நவீன ஹைக்கூவுக்கு அடிப்படையானது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் ஷிகியின் வழியைத்தான் சொல்வேன், தயங்காமல். காரணம் அளவுகோலிலேயே இருக்கிறது. எதிர்பார்ப்பு இருந்தால்தான் அது மீறப்படும்போது ஆச்சரியம் வரும். புது ஊரில் நமக்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லை. அங்கே எல்லாமே புதுசு, அதனால் எதுவும் தனியாகத் தெரியாது. போய் வந்து எழுதுகிற கவிதைகள் பல, இடத்தின் வர்ணனையாக நின்றுபோவது இதனால்தான். தினமும் பார்க்கிற தெருமுனையில், தினமும் பார்க்கிற இஸ்திரி வண்டியில், இன்று மட்டும் ஒன்று மாறி நடந்தால் அது சட்டென்று கண்ணில் குத்தும்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு முழுக்க ஒரு அடுக்களைக்குள் நடக்கிறது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் போன பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்காமல் கட்டிக்கொண்டு, தாளிக்கிற புகை கண்ணில் படிய, புளிக்குழம்பு வைக்கிறாள் பெண். கணவன் 'நன்றாக இருக்கிறது' என்று சாப்பிடுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. மகிழ்ச்சி வெளியே தெரிந்தும் தெரியாத அளவுக்குத்தான். அந்தப் பெண்ணை வளர்த்தவள் என்பதால்தான் செவிலிக்கு அந்த நுண்மை கண்ணில் பட்டது. புதிதாகப் பார்க்கிறவருக்கு அது சாதாரண முகம். வீட்டைவிட்டு நகர முடியவில்லை, குழந்தை இருக்கிறது, படுத்த படுக்கையில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். அடுக்களை எதிலும் குறைந்த இடமில்லை.

பதிந்ததை என்ன வடிவில் எழுதுவது

ஹைக்கூ தமிழுக்கு நேற்று வந்ததில்லை. 1916இலேயே பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தை வியந்து எழுதியிருக்கிறார். ஜப்பானிய மரபில் ஐந்து, ஏழு, ஐந்து என்று 17 ஒலியசைகள். தமிழில் அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு திண்டாட வேண்டாம். இரண்டு காட்சியை அருகருகே வைத்து நடுவில் ஒரு வெட்டு விடுவதைப் பிடித்துக்கொண்டால் போதும். எதிர்பார்ப்பு வெட்டுக்கு முன்னால், நடந்தது பின்னால்.

யாப்பு பழகியவர்கள் வெண்பாவை ஒதுக்க வேண்டியதில்லை. நாலு சீராக வந்துகொண்டே இருந்து, ஈற்றடி மட்டும் மூன்று சீரில், அதிலும் கடைசிச் சீர் குறுகி, சட்டென்று நிற்கும். காது நாலாவது சீருக்குக் காத்திருக்கும்போது பாட்டு முடிந்துவிடும். சின்ன ஆச்சரியத்தை வைக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் தளை தட்டாமல் எழுதவே மல்லுக்கட்டுகிறவர் என்றால், பார்த்த பொருளை எதுகைக்காக மாற்ற நேரிடும். வெல்லத்துக்காகக் கல்லும் புல்லும் உள்ளே வந்துவிடும். அவர்களுக்கு இப்போதைக்குக் குறுங்கவிதையே நல்லது. இஸ்திரிக் குறிப்பு கடைசியில் இப்படி நின்றது:

சட்டையோடு சேர்த்துத்
தேய்த்துத் தந்தார்
பையில் யாரோ மறந்த சீட்டை.
சுருக்கமில்லாமல் இருக்கிறது
கால் கிலோ வெல்லம்.

இதன் கீழே 'மனிதம் இன்னும் சாகவில்லை' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி மனசு கெஞ்சும். சேர்த்தால் இஸ்திரிக்காரர் போய்விடுவார், வெல்லமும் போய்விடும், ஆயிரம் கவிதையில் படித்த ஒரு முழக்கம் மட்டும் மிஞ்சும்.

யாருக்கு எது

என் முதல் தேர்வு சின்ன நோட்டும் பென்சிலும். புதிதாக எழுத வருகிறவர், கையால் எழுதக் கூச்சப்படாதவர், அலுவலகத்துக்கும் கடைக்கும் நடந்து போய் வருகிறவர் யாராக இருந்தாலும் இதையே எடுக்கலாம். கூடவே, பேச்சில் கிடைப்பதற்கு மட்டும் போனில் குரல் பதிவு. இந்த இரண்டும் சேர்ந்தால் படத்தின் தேவை அபூர்வமாகத்தான் வரும்.

வண்டியிலேயே வாழ்க்கை நடத்துகிறவர்களுக்கும், எழுதினால் கை வலிக்கும் வயதில் இருப்பவர்களுக்கும் குரல் பதிவே முதல் தேர்வு. ஒரே ஒரு கட்டுப்பாடு: 'நெகிழ்ச்சியா இருந்துச்சு' என்று தொடங்காமல், 'என்ன நினைச்சேன், என்ன நடந்துச்சு' என்று தொடங்குங்கள். ராத்திரி ஷிப்டில் காவல் இருப்பவர்கள், மருத்துவமனையில் துணைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் போனில் தட்டச்சு செய்யலாம், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.

பல வருஷமாக எழுதுகிறவர், நினைவை நம்பியே பழகியவர் என்றால் மாற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் மட்டும் நோட்டும் வைத்துப் பாருங்கள். உங்கள் நினைவு எந்தக் கற்களை விட்டுவிட்டு வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் நோட்டைத் திணிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு நீ நினைச்ச மாதிரி நடக்காதது எது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே, தேதி போட்டு நீங்கள் எழுதி வையுங்கள். திருத்த வேண்டாம்.